சந்தியோகுமையோரின் காலடி நிறங்கள்

பிரியவதனி ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கதவுக்குப் பின்னால்தான் போவாள். வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு "இரும் பிள்ளை" என்று சொல்லி நிமிர்வதற்குள், வாசற்கதவைப் பாதி சாத்திவிட்டு, கதவு நிலையோடு சேர்ந்து திரும்புகிற பிணைச்சலடியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். கதவின் முன்பக்கத்துக்கு நல்லநாள் பெருநாளுக்கென்று புதுப் பெயின்ற் பூசுவார்கள். பிணைச்சலுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு விரல் இடத்துக்குள் தூரிகை நுழையாது. பூட்டனார் காலத்துப் பச்சையோ, அவருக்கும் முந்தி யாரோ பூசிய காவியோ, வெயில் படாமல் அந்த இடத்தில் தப்பிக் கிடக்கும்.

"என்ன மிஸ், கறையான் ஏதும் பிடிச்சிருக்கோ?" என்று வீட்டுக்காரர் பயந்து கேட்பார்.

"இல்லை அக்கா. நல்ல பச்சை ஒண்டு கிடக்கு" என்பாள். அவளுடைய குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

வேலணையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவள் அபிவிருத்தி உத்தியோகத்தர். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து கடைசியில் கிடைத்த உத்தியோகம். தீவுகளில் உள்ள பழைய கலைப்பொருட்களைப் பற்றி விவரம் திரட்டும்படி ஒருமுறை கந்தோரில் சொன்னார்கள். மற்றவர்கள் எத்தனை சிலை, எத்தனை தேர், எத்தனை வாகனம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள். பிரியவதனி மட்டும் அவற்றில் பூசியிருப்பது என்ன நிறம், அந்த நிறம் எந்தக் கல்லில், எந்த மண்ணில், எந்த இலையில் இருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டாள். விவரம் கேட்ட அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவருக்கு அப்படி ஒரு விவரம் கேட்டதே தெரியாது. இவள் இன்னும் திரட்டிக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் அவளுடைய ஸ்கூட்டியை ஊர்காவற்றுறை வீதியில் காணலாம். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பாவாடை, சாம்பல் நிறச் சால்வை. "ஏன் பிள்ளை, ஒரு ரோஸ், மஞ்சள் போட்டால் என்ன?" என்று கேட்டால், "நிறம் பார்க்கேக்கை என்ரை உடுப்பின்ரை நிறம் அதிலை விழும்" என்பாள். தோளில் தொங்கும் பையில் பஞ்சு, சின்னக் கத்தி, வெள்ளைப் பீங்கான் கோப்பை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வெறும் குப்பிகள், மணிக்கூடு திருத்துகிறவர்கள் ஒற்றைக் கண்ணில் செருகுகிற கண்ணாடி. அரிசியின் பாதியளவு பெயின்ற் செதிலைக் கோப்பையில் போட்டு, அந்தக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தாளென்றால், தேத்தண்ணி ஆறி ஆடை படியும்.

கடற்கரைப் பெடியள், சுரண்டிப் பார்க்கிற லொத்தர்ச் சீட்டை நினைத்து, அவளுக்கு வைத்திருக்கிற பெயர் சுரண்டல் மிஸ். "என்ன மிஸ், இண்டைக்கு லொத்தர் விழுந்ததோ?" என்று வள்ளத்தடியில் இருந்து கத்துவார்கள். "இன்னும் இல்லைத் தம்பி, ஆறுதல் பரிசுதான்" என்று அவளும் சொல்லிக்கொண்டு போவாள்.

சுரண்டி எடுத்தவை வேலணை வீட்டில் ஓர் அலுமாரிக்குள் இருக்கின்றன. குப்பிகளில் தூளாகவும் செதிலாகவும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தட்டுத் தட்டாக நிற்கும். ஒவ்வொன்றிலும் எந்த ஊர், எந்தப் பொருள், என்ன நிறம், எதனால் ஆனது என்று எறும்பு ஊர்கிற மாதிரி எழுதி ஒட்டியிருக்கிறாள். வாகனத்துச் சிங்கத்தின் வாயில் எடுத்த சாதிலிங்கச் சிவப்பு, பெட்டகத்து மூடியில் எடுத்த அவுரி நீலம், கூத்துக்காரர் வீட்டில் கிடைத்த அரிதாரம். முதலில் அந்த அலுமாரி குசினியில்தான் இருந்தது. அரிதாரத்தில் நஞ்சு இருக்கிறது என்று அவள் வாய் தவறிச் சொன்ன அன்று, தாயார் இராசமணி மஞ்சள் தூள் போத்தலையும் அந்தக் குப்பியையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார்.

"எடி, இரண்டும் ஒரே நிறம். நான் எப்பவாவது ரசத்துக்குப் போட்டிருந்தால்?"

"போட்டிருந்தால் இப்ப கேட்டுக்கொண்டு நிக்க மாட்டியளம்மா."

அன்றைக்கே அலுமாரி மகளின் அறைக்குப் போனது.

இராசமணிக்கு இன்னொரு குறையும் உண்டு. மகளுக்குச் சரசாலையில் ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முற்றாகியிருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருதரம் போய் வந்தார்கள். பலகாரம் வைக்கும் நேரம் பெண்ணைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் சாமியறைக் கதவுக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணில் கண்ணாடியோடு குந்தியிருக்கிறாள். வீடு எத்தனை வருடம் பழசு என்று உளவு பார்க்கிறாள் என மாப்பிள்ளையின் தாயார் நினைத்துவிட்டார். சம்பந்தம் அத்தோடு சரி. "ஆனால் அம்மா, அது செவ்வீயம், ஈயத்திலை செய்யிற சிவப்பு. இப்ப ஒருத்தரும் பூசுறேல்லை" என்று மகள் பஸ்ஸில் வரும்போது சொன்னதை இராசமணி இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் செவ்வீயம் அலுமாரியில் இரண்டாம் தட்டில் நிற்கிறது.

ஊர்காவற்றுறைக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி, சந்தியோகுமையோர் என்கிற புனிதருக்கு ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. சுற்றிவர மீன்பிடிக் குடும்பங்கள். பிரியவதனி அடிக்கடி போகிற இடம் அதுதான். கோயிலைப் பார்த்துக்கொள்கிற மூப்பர் அம்புறோஸ். அறுபதைக் கடந்த, நெஞ்சு அகன்ற மனிதர். எதைச் சொன்னாலும் முடிவில் "விளங்கிச்சோ" என்று ஒன்று போடுவார். அவருடைய மனைவி மரியநாயகிக்கும் பிரியவதனிக்கும் சிநேகிதம் வந்தது ஒரு நீலத்தால்.

கோயிலின் பின்சுவரில் மாதா நிற்கிற மாடத்துக்குள் அந்த நீலம் இருந்தது. மயில் கழுத்து மாதிரி எரிகிற நீலம். பிரியவதனி ஒரு துணுக்கு எடுத்து அசிட் ஒரு துளி விட்டாள். நிறம் மறைந்து கூழ்முட்டை மணம் வந்தது. அவள் அவசரமாக ஒரு குப்பியைத் திறந்தாள். தூர தேசத்தில் மலையை வெட்டி எடுத்து, பொன்னுக்குச் சரியாக நிறுத்து விற்ற நீலக்கல்லும் அசிட்டில் அப்படித்தான் செய்யும். மரியநாயகி பணிஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்தவர், எட்டிப் பார்த்தார்.

"உது உடுப்பு நீலமெல்லே பிள்ளை. இடம்பெயர்ந்து திரும்பி வந்த நேரம் கடையும் இல்லை, பெயின்ற்றும் இல்லை. மாதாவை வெறுஞ்சுவரிலை விடுறதோ எண்டு நான்தான் சுண்ணாம்போடை கலந்து பூசினனான்."

பிரியவதனி கோப்பையைத் திரும்பவும் குனிந்து பார்த்தாள். உடுப்புக்குப் போடுகிற நீலமும் அந்தக் கல்லும் சாதியில் ஒன்றுதான். ஒன்றை மலை செய்தது, மற்றதைத் தொழிற்சாலை செய்தது. பிறகு குப்பியை மூடி, "உடுப்பு நீலம், சுண்ணாம்பு. பூசியவர் மரியநாயகி" என்று எழுதி ஒட்டினாள். தன் பெயரைக் குப்பியில் கண்ட மரியநாயகி, அன்றிலிருந்து ஊரில் யாராவது பழைய சாமானை எரிக்கப் போனால் ஓடிப்போய்த் தடுத்துவிட்டுத் தொலைபேசி எடுப்பார்.

ஆனால் பிரியவதனி அந்தக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தது நீலத்துக்காக அல்ல, ஒரு சிவப்புக்காக.

ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தீவுகளின் மணலில் சாயவேர் தோண்டினார்கள். துணிக்குச் சிவப்பு ஏற்றுகிற வேர். தோண்டியதை எல்லாம் அளந்து கட்டிக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். தோண்டியவர்கள் வீட்டில் ஒரு பிடி வைத்திருந்தாலும் குற்றம். இதைப் படித்த நாள் முதல் பிரியவதனிக்கு ஒரே யோசனை. வேர் இங்கே தோண்டப்பட்டது, சிவந்தது வேறு எங்கோ. தோண்டின சனம் அந்தச் சிவப்பைத் தங்களுக்கென்று ஓரிடத்திலாவது பூசியிருக்காதா? தீவு தீவாகத் தேடினாள். சிவப்பு எங்கும் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் காவி மண். காவி என்றால் மணல் மாதிரித் துகள் தெரியும். வேர்ச்சாயம் என்றால் துகளே இராது. சுண்ணாம்புக்குள் இரத்தம் ஊறின மாதிரி வெள்ளையே சிவந்திருக்கும்.

அவள் சந்தேகப்பட்ட இடம் சந்தியோகுமையோரின் காலடி. குதிரையில் இருக்கிற அவருடைய சுரூபத்தைத் தாங்குகிற அடிக்கட்டு இடுப்பளவு உயரம். கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒல்லாந்தர் போன கையோடு கட்டியது என்பார்கள். சோளகக் காற்று வீசுகிற காலத்தில் திருநாளுக்கு முன்பு ஊரில் வள்ளங்களுக்குப் பெயின்ற் பூசுவார்கள். பெயின்ற் பேணியை உடைத்ததும் முதல் தூரிகை வள்ளத்தில் படக்கூடாது. பேணியோடு கோயிலுக்குப் போய் அந்த அடிக்கட்டில் ஒரு கை இழுத்துவிட்டு வந்துதான் வள்ளத்தில் தொடங்குவார்கள். தகப்பன், பாட்டன், அவருக்குப் பாட்டன் என்று இழுத்து இழுத்து, பெயின்ற் ஒரு விரல் மொத்தத்துக்கு ஏறிக் கல் தெரியாமல் போய்விட்டது. ஒரு மூலையில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதற்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது ஆக அடியில், சுண்ணாம்புக்கு மேலே, மங்கலாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. வெடிப்புக்குள் கண்ணாடி போகாது.

"அண்ணை, அந்த மூலையிலை நகமளவு போதும்" என்று அவள் மூப்பரிடம் கேட்டாள். மூப்பர் சுரூபத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் மாடத்திலை எடும், கதவிலை எடும், மணிக்கூண்டிலை ஏறி எடும், நான் ஒண்டும் சொல்ல மாட்டன். இதிலை இரும்பு படக்கூடாது. உமக்கு அது பெயின்ற். எங்களுக்கு ஒவ்வொரு பூச்சும் ஒருத்தன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவேணும் எண்டு வைச்ச நேர்த்தி. அதைச் சுரண்டினால் அவன்ரை நேர்த்தியைச் சுரண்டினதாப் போகும். விளங்கிச்சோ?"

"விளங்குது அண்ணை."

விளங்கியது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூலைக்குப் போய் ஒருதரம் குந்திப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். குப்பி இல்லாத நிறம் தன் அலுமாரிக் கணக்கில் ஏறாது என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சிவப்புக்கு ஒரு குப்பியை வெறுமையாக விட்டிருந்தாள்.

கோயில் வாசலில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பஸ்ரியாம்பிள்ளைக் கிழவர் அவளைப் பார்த்துச் சிரிப்பார். எந்த வருடம் எந்த வள்ளம் என்ன நிறம் என்று கேட்டால் கேட்டவுடனே பதில் சொல்வார், அடுத்த சனிக்கிழமை வேறு பதில் சொல்வார். ஒரு பூச்சுக்கு ஒரு வருடம் என்று அவள் கணக்கு வைத்திருந்ததைக் கேட்டு, "ஆர் சொன்னது? மீன் படாத வரியம் நாங்கள் இரண்டு தரம், மூண்டு தரம் பூசுவம். சந்தியோகுமையோருக்கு மறந்துபோச்சோ எண்டு ஞாபகப்படுத்தத்தானே" என்றார். அது மட்டும் பொய்யாகத் தெரியவில்லை. பிரியவதனி வருடக் கணக்கை அழித்துவிட்டாள்.

இந்த ஆடி மாதத் திருநாளுக்குப் பாரிஸிலிருந்து மூப்பரின் மகள் ஜெனீற்றா காசு அனுப்பினாள். அடிக்கட்டு பார்க்க வடிவில்லை, மாபிள் பதியுங்கள் என்று சொன்னாளாம். பளபளக்கிற மாபிள் பெட்டிகள் வந்து இறங்கின. மூப்பர் பெட்டிகளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இதுவும் ஒரு பூச்சுத்தான் பிள்ளை. பெயின்ற்றுக்கு மேலை ஒரு கண்ணாடிப் பூச்சு. உள்ளுக்கை எல்லாற்றை நேர்த்தியும் பத்திரமாக் கிடக்கும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அளவெடுக்க வந்த மேசன் சதீசனிடம் பிரியவதனி பேச்சுக்குக் கேட்டாள், மாபிள் பெயின்ற்றில் ஒட்டுமா என்று.

"எங்கை ஒட்டுறது? எண்ணெய்ப் பெயின்ற்றெல்லே. சீமெந்து வழுக்கிக்கொண்டு போகும். முழுக்கக் கொத்தி இறக்கிக் கல்லைக் காட்டினால்தான் பிடிக்கும்."

"மூப்பருக்குச் சொன்னனீரோ?"

"இது ஆருக்கும் தெரிஞ்ச விசயம்தானே அக்கா. நாளைக்குக் காலமை கொத்துறன்."

சதீசன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பிரியவதனி அந்த இடத்திலேயே நின்றாள். மூப்பருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். சொன்னால் மனுசன் மாபிளைத் திருப்பி அனுப்பிவிடுவார், அடிக்கட்டு அப்படியே இருக்கும், அந்தச் சிவப்பு இனி எந்தக் காலத்திலும் கண்ணுக்குப் படாது. சொல்லாமல் விட்டால் நாளைக் காலையில் அத்தனை பூச்சும் நிலத்தில் உதிரும். ஒரு வெள்ளைத்துணியை விரித்தால் போதும். அவளுடைய கத்தி ஒன்றையும் தொடத் தேவையில்லை. கேட்டால், கொத்தினது மேசன்.

வீட்டுக்குப் போனாள். வாளி நிறையத் தண்ணீர் வைத்துக் குப்பிகளைக் கழுவினாள். இராசமணி வந்து பார்த்தார்.

"என்னடி, இவ்வளவு குப்பி? ஆரின்ரையும் கோயிலை முழுசாக் கொண்டுவரப் போறியோ?"

மகள் கழுவிய குப்பியையே திரும்பவும் கழுவினாள்.

காலையில் அவள் கோயிலுக்கு வந்தபோது மூப்பர் கடற்கரையில் வலை இழுக்கிற இடத்தில் நின்றார். சதீசன் உளியும் சுத்தியலும் எடுத்து வைத்துவிட்டான். பிரியவதனி செருப்பைக் கழற்றி, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், கொண்டுவந்த வெள்ளைச் சீலையை அடிக்கட்டின் காலடியில் விரித்தாள். "என்னக்கா, என்ரை குப்பையைப் பொறுக்கவும் ஆளோ? நல்லதாப் போச்சு" என்றான் சதீசன். வெடிப்பு இருந்த மூலையில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான்.

ஒரு துண்டு கழன்று சீலையில் விழுந்தது. கையளவு. ஓரம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் வெள்ளையுமாக, திருநாளுக்கு வெட்டுகிற ரிபன் கேக் மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. சதீசன் இரண்டாவது அடிக்கு உளியை நகர்த்தினான். பிரியவதனி குனிந்து துண்டை எடுக்கப் போனவள், எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"சதீசன், பொறும். அடியாதையும்."

"ஏன்?"

"மூப்பருக்குத் தெரியாது."

அவள் ஓடி யாரும் கண்டதில்லை. அன்றைக்குச் செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு, சுடுமணலில் சால்வை பறக்க வெறுங்காலோடு ஓடினாள். வள்ளத்தடியில் நின்ற பெடியள், "மிஸ்ஸுக்கு லொத்தர் விழுந்திட்டுது போலை" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூப்பர் வந்தார். பின்னாலே மரியநாயகி, பஸ்ரியாம்பிள்ளைக் கிழவர், வலை இழுத்தவர்கள் என்று பத்துப்பேர் ஈரக்காலோடு வந்தார்கள். மூப்பர் மூலையைப் பார்த்தார், சீலையில் கிடந்த துண்டைப் பார்த்தார், சதீசன் கையில் இருந்த உளியைப் பார்த்தார்.

"கொத்தாமல் ஒட்டாதோ?"

"ஒட்டாது மூப்பர். நான் உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

"எனக்கென்னடா தெரியும்? நான் மீன் பிடிக்கிறவன்." அவர் பிரியவதனி பக்கம் திரும்பினார். "உமக்கு எப்ப தெரியும்?"

"நேற்றுப் பின்னேரமே தெரியும் அண்ணை."

"தெரிஞ்சும்?"

அவள் விரித்திருந்த சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "குப்பியெல்லாம் கழுவி வைச்சனான்" என்றாள்.

மரியநாயகிதான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், பிறகு பொத்தாமலே சிரித்தார். "பாருங்கோப்பா, கள்ளி தன்ரை வாயாலை சொல்லுறதை." மூப்பரின் மீசையும் கொஞ்சம் அசைந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. துண்டைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

அதன்பிறகு அந்தத் துண்டு கைக்குக் கை மாறியது. யாரும் அதன் ஓரத்தை முன்பு பார்த்ததில்லை.

"இந்தப் பச்சை என்ரை அப்புவின்ரை வள்ளம்" என்றார் ஒருவர்.

"இந்த மஞ்சள் என்ரை. நான் கலியாணம் கட்டின வரியம்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"நீங்கள் எப்ப மஞ்சள் வள்ளம் வைச்சிருந்தனீங்கள்? உங்கடை வள்ளத்திலை பெயின்ற் பூசினதையே ஒருத்தரும் காணேல்லை. அது என்ரை பெரியப்பாவின்ரை" என்றார் மரியநாயகி.

"அப்ப அதுக்குக் கீழை கிடக்கிற வெள்ளை என்ரை" என்றார் கிழவர்.

"வெள்ளையைக் கேட்டால் ஊரிலை எல்லாரும் வருவினம்."

இரண்டு நீலத்துக்கு நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. "இது தார். பெயின்ற் வாங்க வழியில்லாத வரியம் தாரைத்தான் பூசினனாங்கள்" என்று ஒருவர் சொன்னபோது சிரிப்பு அடங்கிப்போனது. அந்த வருடம் போன வள்ளங்களில் ஒன்று திரும்பி வரவில்லை. துண்டை வைத்திருந்தவர் அதைப் பெருவிரலால் ஒருதரம் தடவிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

"ஆக அடியிலை ஒரு சிவப்புக் கிடக்கு. இது ஆற்றை?" என்று யாரோ கேட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளைக்கும் பொய் வரவில்லை. எல்லோரும் பிரியவதனியைப் பார்த்தார்கள்.

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள்.

மூப்பர் துண்டைத் திரும்ப வாங்கினார். "ஆற்றையெண்டு தெரியாத நேர்த்தி. அவனுக்குச் சொல்லி அழவும் ஆளில்லை. இது திரும்ப ஏற வேணும், இப்பவே ஏற வேணும். சதீசன், மாபிளை நிலத்துக்குப் பதி. ஜெனீற்றாவுக்கு நான் சொல்லுறன், சனம் முழந்தாளிலை நிக்கிற இடம் வடிவாத்தானே இருக்கவேணும். விளங்கிச்சோ?"

"அப்ப இந்த மூலை?"

"அதை நான் ஒட்டுறன். நீ தொடாதை."

சனம் வலைக்குத் திரும்பிப் போனது. மரியநாயகி தேத்தண்ணி வைக்கப் போனார். சதீசன் வெளியே நிழலில் குந்தி மாபிள் பெட்டியை உடைக்கத் தொடங்கினான். கோயிலுக்குள் இரண்டு பேர்தான் மிச்சம். மூப்பர் ஒரு தாச்சியில் சீமெந்தும் மணலும் கொட்டினார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். நான் குழைக்குமட்டும் இதைப் பிடியும். கவனம்."

துண்டை அவள் கையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்.

பிரியவதனி அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். பிறகு வாசலடிக்கு நகர்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகினாள். துண்டைக் கவிழ்த்தாள். அடியில் சுண்ணாம்பு ஓரிடத்தில் உதிர்ந்து, அந்தச் சிவப்பின் முகம் சின்னவிரல் நகமளவுக்குத் தெரிந்தது. கடலின் வெளிச்சம் அதில் நேராக விழுந்தது. துகள் தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். ஒரு துகள் இல்லை. வெள்ளைதான் சிவந்திருந்தது, சுண்ணாம்பின் உள்ளே இறங்கி இறங்கி வெளிறிப் போகிற சிவப்பு. உள்ளங்கையில் அதன் ஓரத்துப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துண்டின் மேலேயே தட்டிவிட்டாள்.

கண்ணாடியில் ஈரம் படர்ந்தது. கழற்றிச் சால்வையில் துடைத்துத் திரும்பவும் செருகினாள்.

சீமெந்து பதமாகிவிட்டது. கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் விழாமல் நிற்கிற பதம். மூப்பர் கரண்டியைத் தாச்சியின் விளிம்பில் தட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பார்த்தாச்சோ?"

"இன்னொருக்கா அண்ணை."

மூப்பர் பக்கத்திலிருந்த வாளியில் கையை விட்டு ஒரு சிரங்கை தண்ணீர் அள்ளி, பதமாயிருந்த சீமெந்தில் ஊற்றி, இன்னும் ஒரு பிடி மணலும் போட்டு, முதலில் இருந்து குழைக்கத் தொடங்கினார்.